சைடு ரிதம் நாற்காலி

செம்பூரில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ இருக்கிறது. கீழே மருந்துக் கடை, அதற்கு மேலே பல் டாக்டர், அதற்கும் மேலே ஸ்டுடியோ. பாட்டுக்குத் தாளம் வாசிக்கிறவர்கள் உட்காரும் பெரிய அறையில், சுவரோரமாகக் கடைசியில் போட்டிருக்கும் நாற்காலி என்னுடையது. அதில் என் பெயர் எழுதியிருக்கவில்லை. ஆனால் நான் வராத நாளில் யாரும் அதில் உட்காருவதில்லை. பையைக்கூட வைப்பதில்லை.

அந்த இடத்துக்கு சைடு ரிதம் என்று பெயர். நடுவில் டோலக்கும் தபலாவும் மற்ற பெரிய மேளங்களும் இருக்கும். ஓரத்தில் நான். என் கையில் சலங்கைக் கொத்து, மஞ்சீரா என்கிற சின்ன வெண்கலத் தாளம், கஞ்சிரா, உள்ளே விதை போட்டுக் குலுக்குகிற ஷேக்கர். பாட்டுக் கேட்கிறவர்கள் யாரும் இந்தச் சத்தங்களைத் தனியாகக் கவனிப்பதில்லை. எடுத்துவிட்டால் மட்டும், பாட்டில் என்னவோ குறைகிறது என்பார்கள். என்ன குறைகிறது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தப் பெருமை எனக்கு உண்டு, அதை மறைக்க நான் பழகவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவர்கள். அப்பா பை தைக்கும் பட்டறையில் மிஷின் ஓட்டுகிறார். அம்மா மாட்டுங்காவில் இரண்டு வீடுகளில் சமைக்கிறாள். இரண்டு பேருக்கும் கையெழுத்து கிடையாது, பெருவிரல்தான். நான் மாநகராட்சிப் பள்ளியில் தமிழிலேயே படித்து, பிறகு காலேஜில் பி.காம். முடித்தேன். என் வயதுப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், பஸ் போர்டை இந்தியில் வாசிப்பார்கள். நான் தமிழில் கடைப் பலகையிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை வாசித்துக் காட்டுவேன். தெருவில் பாதிப் பத்திரிகைகள் என் வாய் வழியாகத்தான் போயிருக்கின்றன.

கொட்டு என் கைக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தில்தான். குடியரசு தினத்துக்கு அணிவகுப்பு பேண்டு வைத்திருந்தார்கள். உயரமான பெண் பிள்ளைகளுக்குக் கொடி, பல் வரிசையாக இருந்தவர்களுக்கு முன்வரிசை. எனக்கு இரண்டும் இல்லாததால் தோளில் ஒரு சைடு டிரம்மை மாட்டிவிட்டார்கள். முதல் நாள் குச்சி தோலில் பட்டு, அந்த அதிர்வு முழங்கை வரை ஏறி வந்தது. மைதானத்தில் நடந்துகொண்டிருந்த அத்தனை கால்களும் என் குச்சிக்குத் தரையில் இறங்கின. கை இங்கே, கால்கள் அங்கே, நடுவில் எதுவும் இல்லை. அது எப்படி என்று எனக்கு அன்றைக்கும் புரியவில்லை. இன்றைக்கும் முழுசாகப் புரிந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் கணபதி ஊர்வலத்தில் தாஷா மேளம் அடிக்கும் பெண்கள் குழுவில் சேர்ந்தேன். காலேஜ் படிக்கும்போது மாட்டுங்காவில் ஓர் இன்னிசைக் குழு கல்யாண வரவேற்புகளில் வாசிக்கும். ஆக்டோபேட் வாசிப்பவர் வேறு குழுவுக்குப் போய்விட்டதால் என்னைக் கூப்பிட்டார்கள். ஆக்டோபேட் என்பது பலகை மாதிரி ஒரு மின்சார மேளம். ஒரு கட்டத்தில் அடித்தால் தபலா, அடுத்த கட்டத்தில் அடித்தால் இடி. மணமக்களை விட மேடை ஓரத்தில் ஒரு பெண் குச்சியோடு நிற்பதைத்தான் சனம் அதிகமாகப் படம் பிடித்தது. இதற்கு நடுவில் செம்பூரில் ஒரு ஆபீசில் கணக்கு எழுதும் வேலையும் கிடைத்தது. பகலில் ஆபீஸ், சனி ஞாயிறில் மேளம்.

ஆனால் என் வழியை மாற்றிய கொட்டு இது எதுவும் இல்லை. அது எங்கள் தெரு அம்மன் கோவில் பம்பை.

ஆடி மாதம் எங்கள் கோவிலில் கொடைத் திருவிழா நடக்கும். ஊரிலிருந்து மேளக்காரர்கள் ரயிலில் வருவார்கள். ஒரு வருடம் மழையில் ரயில் நடுவழியில் நின்றுவிட்டது. பூஜைக்கு ஆண்டாப் ஹில்லிலிருந்து ஒரு தவில்காரர் கிடைத்தார், பம்பைக்கு ஆள் இல்லை. பம்பை என்றால் இரண்டு உருளை மேளங்களைச் சேர்த்துக் கட்டியது. இடுப்போடு தொங்கவிட்டுக் குச்சியால் அடிக்க வேண்டும். கோவிலுக்கென்று ஒன்று கருவறை பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சின்ன வயதிலிருந்து வருடா வருடம் கேட்ட அடிகள் என்பதால் என் காதுக்கு எல்லாம் தெரியும். நான் போய் நின்றேன். பொம்பளைப் பிள்ளை பம்பை கட்டலாமா என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். மழை கொட்டிக்கொண்டிருந்தது, வேறு ஆளும் இல்லை. முணுமுணுப்பு அதோடு நின்றது.

எங்கள் கோவிலில் சாமியாடுகிறவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. இதைச் சொல்லும்போது வெளியாட்கள் சிரிக்கத் தயாராவார்கள், நான் அவர்களைச் சிரிக்க விட்டுவிடுவேன். அம்மா மற்ற நாட்களில் பேசவே யோசிக்கிறவள். மாட்டுங்கா வீட்டுக்காரர்கள் எதிரே பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பாள். அருள் வந்தால் தெருவே ஒதுங்கும். குழந்தையாக இருந்தபோது எனக்கு அது பயம். வளர்ந்த பிறகு வியப்பு. அவளுக்கு வரப்போகிறது என்பதை நான் மட்டும் முன்கூட்டியே கண்டுபிடிப்பேன். இடது கால் கட்டைவிரல் தரையை அழுத்த ஆரம்பிக்கும். முகத்துக்கு வருவதற்கு வெகு முன்னால் காலுக்கு வந்துவிடும்.

அந்த மழை வருடத்தில் அம்மாவுக்கு என் பம்பைக்குத்தான் சாமி வந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது தவிலின் தோள்வார் அறுந்தது. அவர் நிறுத்தினார். பள்ளி பேண்டில், முன்னால் போகிறவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் நானும் நிறுத்திவிட்டேன். அம்மா வெட்டின மரம் மாதிரி கல்தரையில் விழுந்தாள். மணிக்கட்டு பிசகி, பல நாள் அவளால் தோசைக்கல்லைத் தூக்க முடியவில்லை.

என்னை அவள் ஏசவில்லை. எண்ணெய் தேய்த்துவிடும்போது ஒன்றுதான் சொன்னாள்: "கொட்டைச் சட்டுனு நிறுத்தினா சாமி எங்கனட்டி எறங்கும்? படி வேண்டாமா?"

அதற்கு அப்புறம் சாமி இறங்குகிற அடியை ஊர் மேளக்காரர்களிடம் நான் கவனித்துக் கேட்டேன். ஒவ்வொரு அடிக்கும் இடைவெளி கொஞ்சம் கூடும், கனம் கொஞ்சம் குறையும், சாமியாடியின் கால் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டும். அதை நான் வாசிப்பது சரியா தப்பா என்று அம்மா சொன்னதில்லை. என் எந்தக் கொட்டைப் பற்றியும் அவள் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. யாராவது "ஒங்க மக நல்லா அடிக்காளே" என்றால், "கை வலிக்கும்னா கேக்க மாட்டா" என்பாள். அவ்வளவுதான்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆடியில் ஸ்டுடியோவிலிருந்து அழைப்பு வந்தது. சைடு ரிதம் வாசித்தவர் ஒரு நடனக் குழுவோடு வெளிநாடு போய்விட்டார். அந்த நாற்காலிக்கு ஆள் பார்க்கிறார்கள், சனிக்கிழமை ஒரு பாட்டில் வாசித்துக் காட்ட வேண்டும். கல்யாண வரவேற்பு ஒன்றில் என்னைப் பார்த்திருந்த அரேஞ்சர்தான் பேசினார். பாட்டுக்கு எந்த வாத்தியம் எங்கே என்று முடிவு செய்கிறவர் அவர். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர்.

"இது சவுத் சைடு ஃபோக் மாதிரி ஒரு பாட்டு. உங்காத்துப் பக்கம் ஊர் வாத்தியம் ஏதாவது இருந்தா எடுத்துண்டு வாம்மா," என்றார்.

அதே வாரம் ஆபீசில் என்னை நிரந்தரமாக்குவதாகச் சொன்னார்கள். முழு நாள் வேலை, சனிக்கிழமையும் உண்டு. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்று ஆகிவிட்டது.

அப்பாவுக்கு அதில் யோசிக்கவே எதுவும் இல்லை. "நான் மிஷின்ல உக்காந்து குறுக்கு ஒடிஞ்சு கெடக்கேன். நீ படிச்சவ. ஏசி ஆபீசு, நாற்காலி, எல்லாம் தாரான். கொட்டைத் தூக்கிட்டு எதுக்குட்டி அலையணும்?"

"இதுவும் நாற்காலிதாம்ப்பா."

"எது, ஒரு நாளைக்குப் போட்டு மறுநா எடுத்துருவானே, அந்த நாற்காலியா?"

"அங்கன சேத்துக்கிட்டா வருசம் பூராவும் வேல இருக்கும்ப்பா."

"சேத்துக்கிட்டாலே? சரி, சனிக்கெழம போ. சேத்துக்கிட்டா அங்க இரு. இல்லைன்னா திங்கக்கெழம ஆபீசு. அதுக்கு மேல பேச்சு கெடையாது. ஆனா தனியாப் போவாத. அம்மையக் கூட்டிட்டுப் போ."

அப்படித்தான் அம்மா வந்தாள். அதற்கு முன் கோவிலில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. கொடைக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. அம்மாவின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. காப்புக் கட்டியவர்கள் எல்லை தாண்டக் கூடாது என்பது முறை. பம்பையும் கோவிலுடையது. கோவில் தலைவர் மளிகைக் கடைக்காரர், தெருவுக்கே அண்ணாச்சி.

"செம்பூரு சயானுக்கு அங்கிட்டுல்லா இருக்கு?" என்றார் அவர். "எல்லை தாண்டுதாப்ல ஆயிருமே."

"தெனமும் மாட்டுங்காவுக்குப் போயிட்டுதான வாரேன் அண்ணாச்சி," என்றாள் அம்மா.

"அது வயித்துப்பாடு. அம்மன் கண்டுக்கிட மாட்டா."

"இது எம்மக வயித்துப்பாடு."

"அதுக்குன்னு செம்பூரா?"

"சான்பாடாவுலேருந்து வந்து காப்புக் கட்டிட்டு, பாலம் தாண்டி வீட்டுக்குப் போறாவளே. அவியளுக்கு மட்டும் எல்லைக்கல்லைக் கடலுக்கு அங்கன நட்டு வச்சிருக்கியளோ?"

கோவில் முன்னால் பந்தல் கட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சிக்கும் சிரிப்பு வந்தது. "சரி, போயிட்டு வாங்க. விளக்கு வைக்கிறதுக்குள்ள ஆளும் பம்பையும் இங்கன இருக்கணும். ரெண்டுல ஒண்ணு பிந்தினாலும் நான் பொறுப்பில்ல."

சனிக்கிழமை பம்பையைப் பழைய சேலையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனோம். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டார். "சாமி சாமானுக்கு டிக்கெட்டா?" என்று அம்மா இந்தியும் தமிழும் கலந்து கேட்டதில் விட்டுவிட்டார்.

ஸ்டுடியோவுக்குள் காலை வைத்ததும் எனக்குக் காது அடைத்துப்போனது. வெளியே ஆட்டோக்களும் பஸ்களும் இரைந்துகொண்டிருந்தன. தடிமனான கதவு மூடியதும் எல்லாம் அறுந்துபோனது. என் மூச்சு எனக்குக் கேட்டது. தாராவியில் பிறந்தவளுக்கு அப்படி ஒரு அமைதி இருக்கிறது என்றே தெரியாது. எங்கள் வீட்டில் தூங்கும்போதும் பக்கத்துப் பட்டறை மிஷின் ஓடும்.

ஸ்டுடியோவில் இரண்டு அறைகள். ஒன்றில் நாங்கள் வாசிப்போம். மற்றதில் பட்டன்கள் நிறைந்த பெரிய மேஜை, ரெக்கார்டிங் எஞ்சினியர், அரேஞ்சர். நடுவில் இரட்டைக் கண்ணாடி. இந்தப் பக்கம் கத்தினாலும் அந்தப் பக்கம் காற்று வழியாகக் கேட்காது. அம்மாவை அந்த அறை சோபாவில் உட்காரவைத்தார்கள்.

"சௌகரியமா உக்காருங்கோம்மா. டீ சாப்பிடறேளா?" என்றார் அரேஞ்சர்.

அம்மா என் காதில், "யாருட்டி இவரு, நான் சமைக்கிற வீட்டு ஐயா மாதிரியே பேசுதாரு?" என்றாள். மடியில் டிபன் டப்பாவை வைத்துக்கொண்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். சாய்ந்தால் ஏதாவது பட்டன் அமுங்கிவிடுமோ என்ற மாதிரி.

உள்ளே தாளக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஆண்கள். தலைவர் டோலக் வாசிக்கிற வயதான மராத்திக்காரர். அவர் ஒருமுறை தலையை அசைத்தார். அத்தனை பேரும் பாட்டின் முதல் வரியை ஒத்திகையாக வாசித்தார்கள். நான் அதுவரை எத்தனையோ மேளம் கேட்டிருக்கிறேன். இப்படிக் கேட்டதில்லை. பத்துக்கும் மேற்பட்ட கைகள், ஒரே ஆள் வாசிக்கிற மாதிரி. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் விரல் வந்து விழுந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. இவர்களோடு ஒரு நாள் உட்கார்ந்துவிட்டால் போதும் என்று தோன்றியது. உடனே, ஒரு நாள் போதாது என்றும் தோன்றியது.

ஹெட்போனைத் தந்தார்கள். காதுக்குள் வேகத்தை அளந்து காட்டுகிற ஒரு க்ளிக் ஓடியது. டிக், டிக், டிக். ஸ்டுடியோவில் எல்லோரும் அதற்குத்தான் கட்டுப்பட்டவர்கள். அதை விட்டு விலகினால் டேக் வீண்.

"ஷேக்கர் அப்புறம்," அரேஞ்சரின் குரல் ஹெட்போனில் வந்தது. அந்த அறையில் ஒரு பட்டனை அழுத்திப் பேசினால்தான் இங்கே கேட்கும். "முதல்ல அந்த ரெட்டை மேளத்துல உங்க கோவில்ல வாசிக்கறதை வாசி. நடுப்பாட்டுக்கு ஒரு ஐடியா கிடைக்கறதான்னு பாக்கறேன்."

பம்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு எதிரே நின்றேன். முதலில் சாதாரண ஊர்வல அடி. அரேஞ்சர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைச் சுழற்றினார். இன்னும் ஏற்று என்று அர்த்தம். நான் அழைப்பு அடிக்குப் போனேன். சாமியை வரவழைக்கிற அடி.

அம்மா அங்கே இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கையில் காப்புக் கட்டியிருக்கிறாள் என்பதும் தெரியும். ஆனால் கண்ணாடி இருக்கிறதே, அவளுக்கு என்ன கேட்கப்போகிறது என்று நினைத்தேன். என் முன்னால் இருந்த மைக் எதற்கு இருக்கிறது என்பதை மறந்துபோனேன். என் பம்பை அந்த அறையில் ஆள் உயர ஸ்பீக்கர்களில், கோவிலில் கேட்பதை விடப் பெரிதாக, எந்த மறைப்பும் இல்லாமல் அம்மாவின் மேல் போய் விழுந்துகொண்டிருந்தது.

இடது கால் கட்டைவிரல்.

கார்ப்பெட்டை அது அழுத்துவதை நான் பார்த்தேன். அடுத்து டிபன் டப்பா மடியிலிருந்து நழுவியது. விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அம்மா எழுந்தாள். கொண்டை அவிழ்ந்தது. எஞ்சினியர் சுழல் நாற்காலியோடு பின்னால் போனார். எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சத்தமே இல்லாமல். என் காதில் என் பம்பையும், டிக், டிக், டிக்கும் மட்டும்.

"கட்! கட் கரோ!" எஞ்சினியர் பேசுகிற பட்டனை அழுத்திக் கத்தினார்.

நிறுத்து என்கிறார்கள். சேர்ப்பதா வேண்டாமா என்று பார்க்கிற நாள். நிறுத்தினால் அம்மா விழுவாள். அங்கே மேஜை முனைகள், இரும்பு ஸ்டாண்டுகள். நான் நிறுத்தவில்லை. எஞ்சினியரின் இன்னொரு கை ஸ்பீக்கரை அடக்கப் போவதைப் பார்த்து என் மைக்கில் கத்தினேன். "ஸ்பீக்கர் பந்த் மத் கரோ! ஆவாஸ் சாலூ ரக்கோ!" சத்தத்தை நிறுத்தாதே என்று. அவர் கை அப்படியே நின்றது. பேச்சுப் பட்டனில் இருந்த விரலையும் பயத்தில் எடுக்க மறந்துவிட்டார்.

அதனால் அந்த அறை முழுவதும் என் காதுக்குள் வந்தது. அம்மாவின் மூச்சு. கோவிலில் கூட்டத்துக்கும் மேளத்துக்கும் நடுவே தூரத்திலிருந்து கேட்ட அந்த "ஹூம்", இப்போது என் இரண்டு காதுக்கும் நடுவில், என் தலைக்குள்ளேயே கேட்டது.

டோலக் தலைவர் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார். "அங்காத் ஆலி," என்றார் மெதுவாக. சாமி உடம்பில் வந்திருக்கிறது என்று மராத்தியில் சொல்கிற சொல். ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தார். ஒரு நொடி கையைக் கூப்பினார். பிறகு டோலக்கை எடுத்து என் அடிக்குக் கீழே தன் அடியை வைத்தார், விழப் போகிறவர் முதுகில் கை கொடுக்கிற மாதிரி. மற்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. ஹெட்போன் போட்டிருந்த எல்லோர் காதிலும், திருநெல்வேலித் தமிழில்.

"நல்லா இருக்குட்டி. நிறுத்தாம அடி."

இறக்க ஆரம்பித்தேன். க்ளிக் அதன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் காதில் வைத்துக்கொண்டே அதற்கு எதிராக மெதுவாகப் போவது, ஓடுகிற ரயிலுக்குள் எதிர்த்திசையில் நடக்கிற மாதிரி இருந்தது. அம்மாவின் காலைப் பார்த்தேன். தாளக்காரர்கள் என் குச்சியைப் பார்த்தார்கள். ஒரு அடி, ஒரு இடைவெளி. இன்னும் கொஞ்சம் பெரிய இடைவெளி. வாழ்க்கை முழுவதும் க்ளிக்குக்கு வாசித்தவர்கள், ஒரு சமையல்காரியின் கால் விரலுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பக்கம் அரேஞ்சர் சுவரில் இருந்த சரஸ்வதி படத்துக்கு அடியிலிருந்து குங்குமக் கிண்ணத்தை எடுத்து நீட்டினார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அம்மா அள்ளி அவர் நெற்றியில் அப்பினாள். அவர் ஜீன்ஸும் மூக்குக் கண்ணாடியுமாகக் குனிந்து நின்றார். பிறகு அம்மா மெல்ல, படி படியாக இறங்குகிற மாதிரி, தரையில் உட்கார்ந்தாள். அவள் கை கார்ப்பெட்டில் பட்டபோது கடைசி அடியை அடித்தேன்.

அந்த அறையில் எதிரொலி கிடையாது. சத்தம் நின்றால் நின்றதுதான்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினேன். அம்மா கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தாள்.

"யாத்தி. டப்பா எங்கட்டி?"

"இங்கதாம்மா இருக்கு."

தரையில் சிந்திய தயிர்சாதத்தையும், அரேஞ்சர் நெற்றியையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது. முகம் சுருங்கிப்போனது. "ஒன் வேலையக் கெடுத்துட்டனாட்டி?" என்றாள். எனக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

டீ வந்தது. டோலக் தலைவர் என் பக்கத்தில் உட்கார்ந்து இந்தியில் கேட்டார். "தேவி என்ன சொன்னாள்? ஹெட்போனைக் கழற்றிவிட்டேன், கேட்கவில்லை. இவன்களுக்குக் கேட்டும் புரியவில்லை."

"நல்லா இருக்கு, நிறுத்தாம அடி என்று."

அவர் அரேஞ்சரைப் பார்த்துச் சிரித்தார். "தேவியே பாஸ் போட்டுவிட்டாள். நாம் யார்?"

"தேவி பாஸ் போட்டா சரி," என்றார் அரேஞ்சர் என்னிடம் தமிழில், குங்குமம் மூக்கில் உதிர. "க்ளிக்கும் பாஸ் போடணுமே." பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "கடைசில மெதுவா ஆச்சே, அந்த இடம் பிரமாதம். அதையே க்ளிக்கோட இன்னொரு தடவை குடேன். அம்மாவைக் கீழ் மாடில கொஞ்ச நேரம் உக்கார வெச்சுக்கலாம்."

அவர் கேட்டது தவறில்லை. ஆனால் என் கை குச்சிக்குப் போகவில்லை. "அது வேண்டாம் சார். காப்புக் கட்டியிருக்கு. இப்பத்தான் அம்மன் வந்துட்டுப் போயிருக்கா. சும்மா கூப்பிடக் கூடாது. வேற எது சொன்னாலும் வாசிக்கிறேன்."

அவர் மூக்கில் உதிர்ந்த குங்குமத்தைத் துடைத்துக்கொண்டார். கோபமா, யோசனையா, தெரியவில்லை. "சரி. ஷேக்கர் எடுத்துண்டு ஓரமா உக்காரு. பாட்டு முழுக்க. கட் கிடையாது."

ஷேக்கர் பார்க்கச் சின்னப்பிள்ளை விளையாட்டுச் சாமான். ஆனால் அதைப்போலக் காட்டிக்கொடுக்கிற வாத்தியம் கிடையாது. மணிக்கட்டு ஒரு இம்மி தடுமாறினாலும் உள்ளே இருக்கிற விதை சொல்லிவிடும். பம்பை அடித்த தோள்கள் கடுத்துக்கொண்டிருந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா மறுபடியும் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவள் கட்டைவிரல் அசையாமல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே குலுக்கினேன். எப்போது முதல் சரணம் முடிந்தது, எப்போது இரண்டாவது வந்தது, நான் எண்ணவில்லை. ஒரு கட்டத்தில் க்ளிக் காணாமல் போனது. எஞ்சினியர் நிறுத்திவிட்டாரோ என்று பயந்தேன். அப்புறம் புரிந்தது, நான் அதன் மேல் அவ்வளவு சரியாக விழுந்துகொண்டிருந்தேன், எனக்கு அது தனியாகக் கேட்கவில்லை. என்னைச் சுற்றி அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரும் ஒரே ஆளாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆளுக்குள் நானும் இருந்தேன்.

பாட்டு முடிந்தது. ஒருவர் டோலக்குக்கு உறை போட்டார், இன்னொருவர் போனைப் பார்த்தார். நான் பம்பையைச் சேலையில் சுற்ற ஆரம்பித்தேன். டோலக் தலைவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைக் கடக்கும்போது, "திங்கட்கிழமை ஒன்பது மணி. லேட் பண்ணாதே, மகளே. சலங்கை உன்னுடையதையே கொண்டுவா. இங்கே இருப்பது துரு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வாசலில் அரேஞ்சர் அம்மாவைக் கேட்டார். "அந்த மேளம் ரெக்கார்ட் ஆயிருக்கு. வெச்சுக்கட்டுமா, அழிச்சுடட்டுமா?"

"அது அம்மன் சமாச்சாரம்லா ஐயா. பொட்டிக்குள்ள எதுக்கு?" என்றாள் அம்மா.

எங்கள் கண்முன்னாலேயே அழித்தார். அந்தக் குரல் எப்படியும் அதில் பதிவாகியிருக்காது என்று எஞ்சினியர் எனக்கு விளக்கினார். பேசுகிற பட்டன் ஹெட்போனுக்கு மட்டும்தானாம்.

சயான் பக்கம் பஸ் நகரவே இல்லை. வெளியே மழை இருட்டு. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் போய்விட வேண்டும் என்று அம்மா தவித்தாள். பம்பை எங்கள் இருவர் மடியிலும் குறுக்காகக் கிடந்தது. நான் கேட்டேன்.

"யம்மா, அங்கன நீ ஒண்ணு சொன்ன. நல்லா இருக்குட்டி, நிறுத்தாம அடின்னு."

"நானா?"

"ஆமா. என் காதுக்குள்ளயே கேட்டுச்சு."

"நான் அப்படில்லாம் சொல்ல மாட்டனே," என்றாள். நடிக்கவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைக் கொஞ்ச நேரம் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு, "எறங்குட்டி, நடந்தா வெரசாப் போயிரலாம்," என்றாள்.

மழையில் பம்பையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தோம். கோவிலில் திரி போட்டு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி எங்களைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார், பிறகு விளக்கைப் பார்த்தார், பிறகு போகட்டும் என்று தலையை ஆட்டினார். பந்தலுக்குள் அப்பா காத்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "திங்கக்கெழம ஆபீசுக்கு வரலைன்னு சொல்லிரச் சொல்லுங்க. இவளுக்கு அங்கன நாற்காலி போட்டாச்சு."